நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவில்

ஜூலை 1, திங்கள்

ஹாக்கி மட்டைப் பையைத் தூக்கும்போது இடுப்பில் சின்னதாக ஒரு பிடிப்பு. பெரிதாக ஒன்றுமில்லை. ஏழாம் வகுப்புப் பையன்கள் இரண்டு பேர் உதவிக்கு வந்தார்கள். "நகருங்கலே" என்று சொல்லி நானே தூக்கினேன். பையைக் கீழே வைத்த பிறகு நிமிர முடியவில்லை. விசில் விழுந்துவிட்டது போல மண்ணைப் பார்த்தபடி ஐந்து நிமிஷம் குனிந்தே நின்றேன். பையன்களும் சேர்ந்து தேடினார்கள். விசில் என் கழுத்தில்தான் தொங்கியது. இரண்டு பேரில் ஒருவன்கூட அதைச் சொல்லவில்லை. பயம் என்றால் அப்படி இருக்க வேண்டும்.

ஜூலை 2, செவ்வாய்

காலை வழிபாட்டில் எல்லோரையும் நேராக நிற்கச் சொல்லிவிட்டு நான் கொடிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வலி வலது புட்டத்தில் ஆரம்பித்து, தொடைக்குப் பின்னால் ஓடி, கெண்டைக்காலின் வெளிப்பக்கமாக இறங்கி, பெருவிரலில் போய் முடிகிறது. தும்மினால் அந்தப் பாதை முழுக்கக் கரண்ட் அடிக்கிறது. மூன்று முறை தும்மினேன். வாயுவாக இருக்கும்.

ஜூலை 4, வியாழன்

குனிந்து சாக்ஸ் போட முடியவில்லை. காலில் ஆணி என்று சொல்லிச் செருப்போடு கிளம்பினேன். தங்கபுஷ்பம் என் காலைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். என் மனைவி சத்துணவு அமைப்பாளர். நூற்றெண்பது முட்டையில் ஒன்று குறைந்தாலும் யார் பையில் இருக்கிறது என்று பார்த்தே சொல்லிவிடுவாள். அந்தப் பார்வைதான்.

ஜூலை 6, சனி

காலையில் கட்டிலை விட்டு எழ முடியவில்லை. கூப்பிடவும் மனசில்லை. பழைய நாளிதழ் ஒன்றை நான்கு தடவை படித்துக்கொண்டு படுத்திருந்தேன். கடைசியில் அவளே ஆட்டோ பிடித்து வந்தாள்.

ஸ்கேன் எடுத்தார்கள். இடுப்பின் நாலாவது எலும்புக்கும் அஞ்சாவது எலும்புக்கும் நடுவே உள்ள வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறதாம். க்ரீம் பிஸ்கட்டை அமுக்கினால் க்ரீம் ஓரமாக வெளியே வருமே, அது மாதிரி என்றார் டாக்டர். இந்த வயசில் சகஜம் என்றும் சொன்னார். எனக்கு ஐம்பத்தேழு. ஆசிரியர்களுக்கான நூறு மீட்டரில் போன வருஷம் இரண்டாவதாக வந்தவன். ஓடியது மூன்று பேர் என்பது வேறு விஷயம்.

கத்தி வேண்டாம் என்கிறார், இப்போதைக்கு. பெரும்பாலானவர்களுக்கு அது இல்லாமலே சரியாகிவிடுமாம். ஆறு வாரம் மாத்திரை, உடற்பயிற்சி, தினமும் நடை. ஒரேயடியாகப் படுக்கவும் கூடாது, எதையும் தூக்கவும் கூடாது. என் வலது பெருவிரலில் பலம் குறைந்திருக்கிறது. அது இன்னும் குறைந்தாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, சிறுநீர் போவதில் சிக்கல் வந்தாலோ அன்றைக்கே வர வேண்டும்; பிறகு ஆபரேஷன்தான். ஆகஸ்ட் 17 அன்று மறுபடி பார்ப்பார்.

பள்ளிக்கூடத்துக்கு விடுப்புக் கடிதம் எழுதினேன். 'கடும் காய்ச்சல்.' உடற்கல்வி ஆசிரியருக்கு இடுப்பு போய்விட்டது என்று தெரிந்தால் மீதி மூன்று வருஷமும் நூலகத்தில் உட்கார வைத்துவிடுவார்கள். தவிர, இது பொய்யும் இல்லை. வலியில் உடம்பு சுடத்தான் செய்கிறது.

ஜூலை 8, திங்கள்

பிசியோதெரபிக்குப் போனேன். உள்ளே நுழைந்ததும் வெள்ளைக் கோட்டுப் போட்ட பெண் எழுந்து நின்று கும்பிட்டது. "சார், என்னைத் தெரியுதா? அனுசுயா. எட்டாம் வகுப்பு பி பிரிவு."

தெரியவில்லை என்றேன். இருபத்தொன்பது வருஷத்தில் எத்தனை ஆயிரம் பிள்ளைகள். மூன்றாவது வரிசை ஓரத்தில் நிற்கும், ரெட்டைச் சடையை மடித்துக் கட்டிய, இடது முழங்கையில் தழும்புள்ள ஒரு பிள்ளையை எல்லாம் எப்படி ஞாபகம் வைத்துக்கொள்ள முடியும்.

குதிகாலால் நடக்கச் சொன்னாள். வலது பாதம் 'தொப் தொப்' என்று தரையில் விழுந்தது. பிறகு என் பெருவிரலை மேலே தூக்கச் சொல்லி அதன் மேல் தன் விரல் ஒன்றை வைத்து அழுத்தினாள். என் விரல் தோற்றது. வலிக்குப் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண் சொல்லுங்கள் என்றாள். இரண்டு என்றேன். கட்டிலை விட்டு இறங்கச் சொன்னாள். இறங்கும்போது என் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. எட்டு என்று எழுதிக்கொண்டாள்.

தங்கபுஷ்பம் வெளியே பெஞ்சில் இருந்தாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்து வந்தாள். அவளுக்கும் அலைச்சல்தான்.

ஜூலை 9, செவ்வாய்

குப்புறப் படுக்க வேண்டும். முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்க வேண்டும். அது பழகியதும் கையை ஊன்றி நெஞ்சை மட்டும் எழுப்ப வேண்டும், இடுப்பு கட்டிலிலேயே கிடக்க வேண்டும். பாம்பு படம் எடுப்பது மாதிரி. இதை நான் பிள்ளைகளுக்கு ஆயிரம் தடவை செய்யச் சொல்லியிருக்கிறேன். இவ்வளவு கஷ்டம் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

"ஒண்ணு... ரெண்டு... சார், ரெண்டு இன்னும் முடியலை. இடுப்பைத் தூக்காதீங்க. ஏமாத்தக் கூடாது."

பக்கத்துக் கட்டிலில் கழுத்துவலிக்காரர் ஒருவர், ஆட்டோ ஓட்டுகிறவர், சிரித்தார். அந்த 'ஏமாத்தக் கூடாது' இருக்கிறதே, அது என்னுடையது. சொல் மட்டுமில்லை, இழுப்பும் என்னுடையது. இந்தப் பெண் என்னைப் பழிவாங்குகிறது. காரணம் எதுவும் எனக்குத் தெரியாது.

ஒரு விஷயம் எழுத வேண்டும். பத்துத் தடவை செய்த பிறகு பாதத்தில் இருந்த வலி முழங்கால் வரை ஏறிவிட்டது. இடுப்பின் நடுவில் வலி கூடுகிறதே என்றேன். "அது நல்லது சார். வலி காலை விட்டுட்டு வீட்டுக்குத் திரும்புது" என்றாள்.

ஜூலை 13, சனி

கணக்கு வாத்தியார் தனுஷ்கோடி காய்ச்சல் விசாரிக்க வந்தார். கோவில்பட்டி வெயிலில் கம்பளியைக் கழுத்து வரை போர்த்திக்கொண்டு படுத்தேன். வியர்த்துக் கொட்டியது. அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "காய்ச்சல் விடுதே, நல்ல அறிகுறி" என்றார். அப்புறம் நாற்காலியில் கிடந்த இடுப்பு பெல்ட்டைப் பார்த்துவிட்டார்.

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுத்த பிறகு உண்மையைச் சொன்னேன். உடனே வைத்தியம் சொன்னார். எட்டயபுரம் தாண்டி ஒரு ஊரில் ஒருவர் இருக்கிறாராம். முதுகில் ஏறி நடப்பாராம். மூன்றே நடையில் வட்டு உள்ளே போய்விடுமாம். தனுஷ்கோடியின் சகலைக்கு அப்படித்தான் சரியானது. சகலைக்கு என்ன வியாதி என்று கேட்டேன். அது சரியாகத் தெரியவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

தலைமையாசிரியர் போனில் பேசினார். "இடுப்புக் காய்ச்சல் எப்படி இருக்கு, வெயிலுமுத்து?"

ஜூலை 19, வெள்ளி

அனுசுயா ஒரு அட்டை கொடுத்திருக்கிறாள். காலை, மதியம், மாலை என்று கட்டம் போட்டு, வீட்டில் பயிற்சி செய்ததும் டிக் அடிக்க வேண்டும். இன்று அதைக் கேட்டாள். கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"சார், இன்னைக்கு வெள்ளிக்கிழமை."

ஆமாம் என்றேன்.

"சனி, ஞாயிறும் செஞ்சு முடிச்சிட்டீங்களே."

ஆட்டோக்காரர் கழுத்தைத் திருப்பக் கூடாது என்று சொல்லியிருந்தும் திரும்பினார். பேனா ஒரே ஓட்டத்தில் போய்விட்டது என்றேன். உண்மையும் அதுதான். மொத்த வாரத்தையும் டீ குடிக்கும்போது ஒரே ஓட்டத்தில் அடித்தேன். ஆனாலும் ஒரு பெரிய மனுஷனை நாலு பேர் முன்னால் இப்படிக் கேட்கலாமா. நானாக இருந்தால் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருப்பேன்.

இல்லை. கேட்டிருக்க மாட்டேன்.

ஜூலை 21, ஞாயிறு

தனுஷ்கோடியோடு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தேன்.

ஜூலை 22, திங்கள்

கல்யாணம் இல்லை. தங்கபுஷ்பம் கண்டுபிடித்துவிட்டாள். சட்டை முதுகில் இரண்டு பாதம் எண்ணெயில் பதிந்திருந்ததாம், விரல் உட்பட.

என் முதுகில் ஏறி நடந்தவருக்கு எண்பது கிலோ இருக்கும். முதல் நடையில் ஏதோ 'டக்' என்றது. உள்ளே போய்விட்டது என்று தனுஷ்கோடி கை தட்டினார். இரண்டாவது நடையில் எனக்குக் கண்ணில் பூச்சி பறந்தது. மூன்றாவதற்கு நான் இல்லை, ஊர்ந்தே வெளியே வந்துவிட்டேன். இன்று காலை வலது செருப்பு காலில் நிற்கவில்லை. நடக்கும்போது கழன்று பின்னாலேயே கிடக்கிறது. விரல் அதைப் பிடிக்கவில்லை.

அனுசுயாவுக்குப் போன் செய்யலாம் என்றாள் தங்கபுஷ்பம். வேண்டாம் என்றேன். அவள் ஏற்கனவே செய்துவிட்டிருந்தாள்.

ஜூலை 23, செவ்வாய்

திட்டுவாள் என்று எதிர்பார்த்துப் போனேன். திட்டவில்லை. காலைச் சோதித்தாள், குண்டூசியால் தொட்டுத் தொட்டு எங்கே தெரிகிறது என்று கேட்டாள், என்னைச் சக்கர நாற்காலியில் வைத்து அவளே மாடிக்கு டாக்டரிடம் தள்ளிக்கொண்டு போனாள். திட்டியிருக்கலாம்.

டாக்டர் இரண்டு வாரம் பார்ப்போம் என்கிறார். அதற்குள் விரல் எழவில்லை என்றால் ஆபரேஷனுக்குத் தேதி குறிப்பார். அதற்கு முன்னால் ஒரு வழி இருக்கிறது: எக்ஸ்ரே திரையில் பார்த்துக்கொண்டே முதுகில் நரம்பின் பக்கத்தில் ஒரு ஊசி. அது வீக்கத்தைக் குறைத்து வலியைக் கொஞ்ச நாள் அடக்கி வைக்கும். குணப்படுத்தாது. அடங்கியிருக்கும் நாட்களில் பயிற்சியை ஒழுங்காகச் செய்ய வேண்டும். வெள்ளிக்கிழமை வரச் சொன்னார்.

ஜூலை 26, வெள்ளி

ஊசியைத் தள்ளிப்போட்டேன். பயம் ஒன்றும் இல்லை. நாள் சரியில்லை.

ஜூலை 29, திங்கள்

இன்றும் நாள் சரியில்லை. தங்கபுஷ்பம் காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்து, எந்த நாள் சரி என்று நீங்களே காட்டுங்கள் என்றாள். காட்டவில்லை. அவள் காட்டினாள். நாளைக்கு.

ஜூலை 30, செவ்வாய்

ஊசி போட்டாயிற்று. குப்புறப் படுத்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவளுக்குத் தைரியம் வேண்டுமே என்றுதான். அவள் விரல்கள் இன்னும் சிவந்து கிடக்கின்றன.

ஆகஸ்ட் 2, வெள்ளி

கெண்டைக்காலில் அந்தக் கரண்ட் இல்லை. சாய்ந்து நிற்காமல் பல் தேய்த்தேன். சந்தோஷத்தில் ஒரு குடம் தண்ணீரைத் தூக்கலாம் என்று குனிந்தேன். பின்னால் தங்கபுஷ்பம் நின்றிருந்தாள். குடத்தை அவளே தூக்கிக்கொண்டு போனாள். இடுப்பில் வைக்காமல் இரண்டு கையாலும் முன்னால் பிடித்துக்கொண்டு போனாள். இடுப்பில் வைப்பதுதான் வசதி. பெண்கள் இதெல்லாம் சொன்னால் கேட்க மாட்டார்கள்.

அட்டையில் இன்றைய மூன்று கட்டத்திலும் டிக் இருக்கிறது. மூன்றும் உண்மை. சாட்சி வேண்டுமானால் அவளையே கேட்கலாம், எண்ணியது அவள்தான்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

விரல் அசைகிறது. ஒரு நெல் மணி அளவுக்கு. ஒரு மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டிவி தேவைப்படவில்லை.

ஆகஸ்ட் 8, வியாழன்

பெண்கள் ஹாக்கி அணி பக்கத்துப் பள்ளிகளோடு ஆடும் குறுவட்டப் போட்டியில் ஜெயித்துவிட்டது. பதினோரு வருஷமாக நான் கூட்டிக்கொண்டு போய் அரையிறுதியைத் தாண்டாத அணி. இந்த முறை தனுஷ்கோடி கூட்டிக்கொண்டு போனார். அவருக்கு ஹாக்கியில் எத்தனை பேர் ஆடுவார்கள் என்றே தெரியாது. ஓரமாக உட்கார்ந்து கடலைமிட்டாய் தின்றாராம். சந்தோஷம்தான்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

இதை எழுதிவிட வேண்டும்.

எனக்கு அனுசுயாவை முதல் நாளே அடையாளம் தெரிந்துவிட்டது. பதினேழு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஜூலை மாதம், இடுப்பு வலி, விளையாட முடியாது என்று அப்பாவிடமிருந்து ஒரு கடிதம் கொண்டு வந்தாள். படித்துப் பார்த்தேன், கிழித்தேன், நாலு ரவுண்டு ஓடச் சொன்னேன். மூன்றாவது ரவுண்டில் உட்கார்ந்துவிட்டாள். "பாருங்க, நடிகை" என்று மொத்த வகுப்புக்கும் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதன் பிறகு அவள் மைதானத்துக்கு வந்தால் மூன்றாவது வரிசையின் ஓரத்தில்தான் நிற்பாள், என் கண் படாத இடத்தில். அதனால்தான் எனக்கு அந்த இடம் ஞாபகம் இருக்கிறது.

ஒரு மாதமாக என் இடுப்பைச் சரி செய்துகொண்டிருப்பது அந்தக் கைதான். இன்று காலில் கரண்ட் மெஷினை மாட்டிக்கொண்டு படுத்திருக்கும்போது சொன்னேன். "அன்னைக்கு உன்னை ஓட விட்டது தப்பும்மா. லெட்டரைக் கிழிச்சதும் தப்பு."

அவள் மெஷினை நிறுத்தினாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சார், அந்த லெட்டர் நான் எழுதினது. அப்பா கையெழுத்தும் நான்தான் போட்டேன்."

"இடுப்பு வலி?"

"அதெல்லாம் இல்ல சார். அன்னைக்குத்தான் புது யூனிபார்ம் போட்டிருந்தேன். புழுதி ஆயிரும்னுதான்."

எனக்கு எழுந்து உட்கார வேண்டும் போல இருந்தது. முடியாது, காலில் ஒயர். அப்படியென்றால் நான் நடிகை என்று சொன்னது சரிதானே என்றேன்.

"சரிதான் சார். ஆனா நீங்க ஒண்ணும் கண்டுபிடிக்கலை. குத்துமதிப்பா அடிச்சீங்க, பட்டுருச்சு." சிரித்தாள். கோபமாகச் சிரிக்கவில்லை. ஒயரைக் கழற்றிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டாள். "அம்மாவுக்கு எத்தனை வருஷமா வலி?"

யார் அம்மாவுக்கு என்றேன்.

"உங்க வீட்டம்மாவுக்கு. வெளிய பெஞ்சுல ஒரு பக்கமாத்தான் உக்காருதாங்க. எந்திரிக்கும்போது நிலையைப் பிடிச்சுத்தான் எந்திரிக்காங்க. ஒரு மாசமா பாக்கேன்."

அவளுக்கு ஒன்றும் இல்லையே என்றேன். அனுசுயா என்னை ஒரு பார்வை பார்த்தாள். முன்பு சொன்ன அந்த முட்டைப் பார்வை போலத்தான் அதுவும் இருந்தது.

வீட்டுக்கு வந்து கேட்டேன். பதினோரு வருஷமாம். சாம்பார் அண்டாவை இறக்கும்போது ஆரம்பித்ததாம்.

"ஏன் சொல்லலை?"

"சொன்னேனே. மொத வருஷமே சொன்னேன். நாலு ரவுண்டு நடந்தா சரியாயிரும்னீங்க."

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து உரித்தேன். ரொம்ப நேரம் உரித்தோம். நாளைக்கும் சேர்த்து உரித்துவிட்டோம்.

ஆகஸ்ட் 12, திங்கள்

இன்று பெஞ்சில் நான் உட்கார்ந்திருந்தேன். தங்கபுஷ்பம் உள்ளே. "சொல்லுங்கம்மா, பத்துக்குள்ள ஒரு எண்" என்று அனுசுயா கேட்பது கதவு வழியாகக் கேட்டது. தங்கபுஷ்பம் ஒன்று என்றாள். நான் கதவைத் திறந்து, ஏழு என்று எழுதும்மா என்றேன். வெளியே போகச் சொன்னார்கள், இரண்டு பேரும்.

ஆகஸ்ட் 15, வியாழன்

கொடியேற்றத்துக்குப் போகவில்லை. கூடத்தில் இரண்டு பாயை விரித்து இரண்டு பேரும் குப்புறப் படுத்து அணிவகுப்பை டிவியில் பார்த்தோம். அவள் என்னைவிட உயரமாக எழுகிறாள். இடுப்பைத் தூக்குகிறாள் என்று நினைக்கிறேன். சொல்லவில்லை.

ஆகஸ்ட் 17, சனி

டாக்டர் என் பெருவிரல் மேல் அவர் விரலை வைத்து அழுத்தினார். நான் தூக்கினேன். இன்னும் அழுத்தினார். தூக்கியே வைத்திருந்தேன். அவர் முகம் சிவந்தது. ஆபரேஷன் வேண்டாம் என்றார். பயிற்சியை நிறுத்தினால் திரும்பி வரும், கனத்தைத் தூக்கும்போது முழங்காலை மடக்க வேண்டும், ஹாக்கிப் பையைத் தூக்கவே கூடாது என்றார். அந்தப் பை விவகாரம் அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. தங்கபுஷ்பம் சுவரில் இருந்த எலும்புக்கூட்டுப் படத்தை ரொம்பக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 26, திங்கள்

பள்ளிக்கூடம் போனேன். கேன்வாஸ் ஷூ, நானே போட்டது.

மூன்றாவது பீரியட் எட்டாம் வகுப்பு. வரிசையில் நிற்கும்போதே ஏதோ சலசலப்பு. அப்புறம் ஒவ்வொருத்தராக வந்தார்கள். பதினான்கு கடிதங்கள். பதினான்கும் இடுப்பு வலி. சாருக்கே இடுப்பு வலி, இனிமேல் கேட்டால் விட்டுவிடுவார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒரு கடிதத்தில் தகப்பன் பெயரிலேயே எழுத்துப்பிழை. அந்தத் தகப்பனும் என்னிடம் படித்தவன்தான், அவனே அப்படி எழுதியிருக்கவும் கூடும்.

எது நிஜம், எது பொய் என்று பார்த்தவுடனே எனக்குத் தெரியும் என்று இருபத்தொன்பது வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். பதினான்கு முகத்தையும் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. கடிதங்களை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பதினான்கு பேரையும் வேப்பமரத்தடியில் உட்காரச் சொன்னேன். மிச்சம் இருந்தவர்களுக்கு மட்டையைக் கொடுத்து ஆட விட்டேன். ஆடுகிறவர்களிடம், உங்களில் யாருக்காவது எங்காவது வலிக்கிறதா என்று கேட்டேன். அப்படி நான் கேட்டதே இல்லை என்பதால் விழித்தார்கள். யாரும் கையைத் தூக்கவில்லை. மைதானத்தை இரண்டு தடவை மெதுவாகச் சுற்றி, யார் எந்தக் காலை ஊன்றுகிறார்கள் என்று பார்த்தேன்.

பத்து நிமிஷத்தில் மரத்தடியிலிருந்து ஒருவன் வந்தான். "சார், இப்போ பரவாயில்ல சார்." மட்டையைக் கொடுத்தேன். அடுத்த கோல் விழுந்ததும் நாலு பேர் வந்தார்கள். மணி அடிக்கக் கால் மணி இருக்கும்போது மரத்தடியில் மூன்று பேர்தான் மிச்சம். பக்கத்தில் போய், முழங்காலை மடக்கி, முறைப்படி உட்கார்ந்தேன். எப்போதிலிருந்து, எந்தப் பக்கம், காலுக்கு இறங்குகிறதா என்று கேட்டேன். ஒரு பையனுக்கு ஸ்கூல் பையைத் தூக்கினால் வலிக்கிறதாம். ஒரு பிள்ளை தினமும் இரண்டு குடம் தண்ணீர் எடுக்கிறாளாம், அதிலிருந்து. இரண்டு பேரிடமும் நாளைக்கு அம்மாவைக் கூட்டி வரச் சொன்னேன். அனுசுயாவின் நம்பரை எழுதிக் கொடுத்தேன்.

மூன்றாவது ஒரு பெண். தலையைக் குனிந்தபடி, ரொம்ப வலிக்குது சார் என்றாள். அப்படிச் சொல்லும்போது பார்த்தேன், நாக்கு முழுக்க ஊதா நிறம். பின்னால் மறைத்து வைத்த கையில் ஒரு பொட்டலம் நாவல்பழம்.

வலி பத்துக்கு எத்தனை என்று கேட்டேன். யோசித்து, ஆறு என்றாள்.

ஆறு என்று எழுதிக்கொண்டேன். கையை நீட்டினேன். கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்துவிட்டு இரண்டு பழம் வைத்தாள். நல்ல பழம், விதை சின்னது. மணி அடிக்கும் வரை இரண்டு பேரும் உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்த்தோம்.